ஸ்கைலரை ஏன் வெறுத்தார்கள்?

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ‘பிரேக்கிங் பேட்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் தன் கடைசி அத்தியாயங்களை நெருங்கிக்கொண்டிருக்க, அதன் கதாநாயகன் பிழைப்பானா, பிடிபடுவானா, மாண்டுபோவானா என்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஜனங்கள் தர்க்கித்துக்கொண்டிருந்த நாட்களில், அந்தத் தொடரின் நடிகை ஒருவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயர் அன்னா கன். கதாநாயகனின் மனைவியாகிய ஸ்கைலர் என்னும் பாத்திரத்தைத் தொடக்கம் முதல் ஏற்று நடித்துவந்தவர். அந்தப் பாத்திரத்தின்மேல் நேயர்கள் கொண்ட வெறுப்பு நாளடைவில் தம்மேலேயே திரும்பி, தம்மை எங்கே கண்டுபிடித்துக் கொல்லலாம் என்று ஒருவர் விசாரித்து எழுதுகிற அளவுக்கு முற்றிவிட்டதை அவர் அக்கட்டுரையில் எடுத்துரைத்தார்.

ஸ்கைலர் அந்தக் கதையில் ஒருவரையும் கொன்றவள் அல்லள். அவளுடைய கணவன் வால்ட்டர் ஒயிட்டோ, கழுத்தை நெரித்தும், துப்பாக்கியால் சுட்டும், கூலிக்கு ஆளை ஏவியும் உயிர்களைப் பறித்தவன். நஞ்சூட்டி ஒரு சிறுவனைச் சாவின் வாசல் வரையில் கொண்டுபோனவன். மனிதரை உருக்குலைக்கும் போதைப்பொருளைக் காய்ச்சி விற்றவன். அப்படியிருக்க, நேயர்களில் பெருந்தொகையினர் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். அவனுக்குக் குறுக்கே நின்ற மனைவியைத் தூற்றினார்கள். இது எவ்வாறு நேர்ந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், ஒருவன் கதை சொல்ல நாம் கேட்டிருக்கும் வேளையில் நம்முடைய நியாய உணர்ச்சி யார் வசம் போய்விடுகிறது என்ற பெரிய கேள்வியில் வந்து நிற்கிறோம்.

தொடரைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், பாலைவனத்தின் நடுவே கிடக்கும் ஆல்பகர்க்கி என்னும் நகரத்தில், வால்ட்டர் ஒயிட் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயன ஆசிரியர். வயது 50. சம்பளம் போதாமல், மாலை வேளைகளில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே தம் மாணவன் ஒருவனுடைய காரையே துடைக்க நேர்ந்து, அவன் நகைப்புக்கும் ஆளாகிறார். மூத்த மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். மனைவி இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கிறாள். இந்த நிலையில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. மனைவியின் தங்கை கணவன் ஹாங்க், போதைப்பொருள் தடுப்புத் துறையில் அதிகாரி. அவன் கைப்பற்றிய பணக்குவியலைத் தொலைக்காட்சிச் செய்தியில் கண்ட ஆசிரியர், தம்முடைய பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மன் என்பவனைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, மெத்தாம்ஃபெட்டமைன் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறார். தாம் இறந்தபின் குடும்பம் தவிக்கலாகாது என்பதே அவர் சொல்லும் காரணம். 2008 ஜனவரி 20ஆம் தேதி தொடங்கி, 2013 செப்டம்பர் 29ஆம் தேதி வரையில், 5 பருவங்களாக, 62 அத்தியாயங்களில் இந்தக் கதை ஓடியது. முதல் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். கடைசி அத்தியாயத்தை அது ஒளிபரப்பான இரவில் பார்த்தவர்களோ ஒரு கோடிக்கு மேல்.

தொடரைப் படைத்த வின்ஸ் கில்லிகன் தம் உத்தேசத்தை ஒளிக்கவில்லை. பழைய ஆங்கில நாவல் ஒன்றில் வரும், மாணவர்களின் அன்புக்குரிய பள்ளி ஆசிரியர் மிஸ்டர் சிப்ஸை, ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் கொடியோனாக மாற்றிக் காட்டுவதே தம் நோக்கம் என்று அவர் பன்முறை சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சிப் பாத்திரங்கள் வருஷக்கணக்கில் மாறாமல் இருப்பதே வழக்கம். நேயர்கள் அவர்களிடம் திரும்பத் திரும்ப வருவதும் அந்த மாறாமைக்காகவே. கில்லிகன் அதற்கு நேர்விரோதமான ஒரு காரியத்தைச் செய்யத் துணிந்தார்: முதலில் நம் அனுதாபத்தை முழுவதும் அந்த ஆசிரியரிடம் ஒப்படைக்கச் செய்து, பின்னர் அதை அவரிடமிருந்து நாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி, அத்தியாயம் அத்தியாயமாக அவரை இருட்டுக்குள் இறக்கிக்கொண்டு போனார். ஆகவே இந்தத் தொடரின் நேயர்களிடையே எழுந்த விவாதங்களில் எல்லாம் சுவையானது, ‘வால்ட்டரை நீங்கள் எந்த இடத்தில் கைவிட்டீர்கள்?’ என்ற கேள்வியைச் சுற்றி நடந்த விவாதம்தான்.

சிலர் இரண்டாம் பருவத்திலேயே கைவிட்டார்கள். ஜெஸ்ஸியின் காதலி ஜேன், வால்ட்டரை மிரட்டிப் பணம் பறிக்க முனைந்தவள், போதை ஊசி ஏற்றிக்கொண்டு காதலன் அருகில் மயங்கிக் கிடக்கிறாள். ஜெஸ்ஸியை எழுப்பவென்று வால்ட்டர் உலுக்கிய உலுக்கலில் அவள் மல்லாந்து புரள்கிறாள், வாந்தி எடுக்கிறாள், மூச்சு முட்டுகிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைத்துவிடுவாள். அவரும் ஓடித்தான் வருகிறார், கையையும் நீட்டுகிறார், ஆனால் நீட்டிய கை நின்றுவிடுகிறது. இவள் இறந்தால் தம் இடையூறு தீரும் என்ற எண்ணம் அந்த முகத்தில் உதித்து, நிலைத்து, பின்பு கண்ணீராக வழிவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்தக் காட்சியில் நடித்தபோது, சாகும் பெண்ணின் இடத்தில் தம் சொந்த மகளின் முகத்தையே கண்டு கலங்கிப்போனதாக நடிகர் பிரயன் கிரான்ஸ்டன் கூறியிருக்கிறார். ஆயினும் நேயர்களில் பலர் அதைக் கொலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ‘அவர் தொடவே இல்லையே, அவளாகத்தானே இறந்தாள்’ என்று வாதித்தார்கள். பெண்ணை இழந்த தந்தை விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியில் இருப்பவர். துயரத்தால் மதி கலங்கிய நிலையில் வேலைக்குத் திரும்பி, இரண்டு விமானங்களை வானத்தில் மோதவிட, 167 பேர் மடிகிறார்கள். கதாசிரியர்கள் தங்கள் தீர்ப்பை அந்த நகரத்தின் கூரைகள் மீதே பொழியச் செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அப்படியும் வாதம் ஓயவில்லை.

வேறு சிலர் நான்காம் பருவத்தின் இறுதி வரை பொறுத்திருந்தார்கள். ஜெஸ்ஸி அன்பு பாராட்டும் பிராக் என்ற சிறுவனுக்கு விஷம் வைத்தது யார் என்ற மர்மம், வால்ட்டரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கும் ஒரு நச்சுப் பூஞ்செடியைக் காட்டி அந்தப் பருவம் முடியும்போது அவிழ்ந்தது. அதையும் தாண்டிக் கூட வந்தவர்கள், பாலைவனத்தில் தற்செயலாகத் திருட்டைக் கண்ட ஒரு சிறுவனைக் கூட்டாளி ஒருவன் சுட்டுக் கொன்ற பிறகு, அதற்காக உறக்கமின்றித் தவிப்பதாகச் சொன்ன வால்ட்டர், முதுகு திரும்பியதும் சீட்டியடித்தவாறு வேலையில் மூழ்கியதைக் கண்டு அருவருத்தார்கள். கொலையைவிட அந்தச் சீட்டியே தங்களை உலுக்கியது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் ஆழ்ந்த உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வெறியால் செய்த குற்றத்துக்கு ஒரு வியாக்கியானம் கற்பித்துக்கொள்ள முடிகிற மனம், குற்றத்துக்குப் பின் வருகிற நிம்மதிக்கு வியாக்கியானம் தேடித் திணறுகிறது.

இறுதி வரையில் கைவிடாதவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வாதம் ஒன்றே: குடும்பத்துக்காகச் செய்தான். இந்த வாதத்தைத் தொடரே எண்களைக் கொண்டு மறுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். முதற் பருவத்திலேயே, வால்ட்டரின் பழைய நண்பர்கள், அவரோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனியால் பெருஞ்செல்வர்களான எலியட்டும் கிரெட்சனும், சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார்கள். அவர் மறுத்துவிடுகிறார், மறுத்ததை மனைவியிடம் மறைத்து, அவர்களே செலவை ஏற்பதாகப் பொய்யும் சொல்கிறார். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், அன்றாடச் செலவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, 7,37,000 டாலர் போதும் என்று தாமே கணக்கிடுகிறார். ஐந்தாம் பருவத்திலோ, ஸ்கைலர் அவரை ஒரு வாடகைக் கிடங்குக்கு அழைத்துச் சென்று, எண்ணி மாளாத ஒரு பணக்குவியலைக் காட்டி, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறாள். பாலைவனத்தில் பீப்பாய்களில் புதைத்த தொகை 8 கோடி டாலர் அளவில் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் அவர் மனைவியின் முன் நின்று, இவையெல்லாம் தமக்காகவே செய்தது, அதில் தமக்கு ஆனந்தம் இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான், அந்த வாதத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர்களின் பிடி தளர்ந்தது. எல்லோருடைய பிடியும் தளர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

குற்றவாளியின் பக்கம் மனம் சாய்வது புதிய சங்கதி அல்ல. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைக்கோ’ திரைப்படத்தில், கொலையுண்ட பெண்ணின் சடலத்தோடு அவள் காரையும் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான் ஓர் இளைஞன். பாதி அமிழ்ந்த கார் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில், ‘ஐயோ, அமிழாமல் போய்விடுமோ’ என்று கொட்டகை முழுவதும் பதைக்கிறது. இறந்த பெண்ணுக்காகச் சிறிது முன்பு கலங்கிய அதே நெஞ்சங்கள்தான். எவனுடைய கண் வழியாக ஒரு நெருக்கடியை நாம் பார்க்கிறோமோ, அவனோடு நம் மூச்சும் இழைந்துவிடுகிறது. அவன் பிடிபடாமல் இருக்க வேண்டுமென்ற ஆவல், அவன் செய்தது சரியா என்ற விசாரத்துக்கு முந்திக்கொள்கிறது. இந்தத் தாதாத்மியத்தை, இரண்டு மணி நேரத் திரைப்படத்தில் அல்லாமல் ஐந்தாறு வருஷங்கள் வாரந்தோறும் வீட்டுக் கூடத்தில் வளர்த்தால் அது என்ன வலிமை பெறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு வேறொன்றும் சேர்ந்தது. வால்ட்டர் காய்ச்சிய பொருளால் அழிந்தவர்களின் வீடுகளுக்குள் இந்தத் தொடர் வெகு அபூர்வமாகவே நுழைகிறது. இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம் அப்படி நுழைந்தது: போதைக்கு அடிமையான ஒரு தம்பதியின் குப்பை மண்டிய வீட்டில், அழுக்கேறிய முகத்தோடு தனியே அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னஞ்சிறு பையனுக்கு, அவர்கள் பறித்துச் சென்ற சரக்கை மீட்கத் துப்பாக்கியோடு வந்த ஜெஸ்ஸி சாப்பாடு தேடிக் கொடுக்கிறான். தொடர் முழுவதிலும் என் மனத்தை மிகவும் வருத்தியது இந்த அத்தியாயம். இதைப் போன்று இன்னும் ஐந்தாறு வீடுகளை நாம் கண்டிருந்தால், நீல நிறத்தில் படிகம் படிகமாக மின்னும் அந்தச் சரக்கின் தூய்மையைப் பற்றி வால்ட்டர் பெருமையடித்தபோதெல்லாம் நாமும் அவரோடு சேர்ந்து மார்பை நிமிர்த்தியிருக்க மாட்டோம்.

இப்போது ஸ்கைலரிடம் வருவோம். முதல் அத்தியாயத்தில் அவளை நாம் எப்படிச் சந்திக்கிறோம்? கணவனின் ஐம்பதாவது பிறந்தநாள் காலையில், உடம்புக்கு நல்லது என்று பன்றி இறைச்சிக்குப் பதிலாக அதைப் போன்ற ஏதோ சைவப் பண்டத்தை 50 என்ற எண் வடிவில் தட்டில் அடுக்கி வைக்கிறாள். 15 டாலர் 88 சென்டுக்கு எந்தக் கடன் அட்டையைத் தேய்த்தாய் என்று விசாரிக்கிறாள். இரவில் அருகில் படுத்திருக்கும்போதும் கணினியில் ஓடும் ஏலத்தின்மேல் கண்ணாக இருக்கிறாள். பற்றாக்குறைச் சம்பளத்தில், ஊனமுற்ற மகனையும் வயிற்றுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்கிற எந்தப் பெண்ணும் சில்லறைக் கணக்குப் பார்க்கத்தான் செய்வாள். ஆனால் அந்தக் கணக்கு அவளுடைய கவலையாக நம்மை வந்து சேரவில்லை; சிறுமைப்பட்டுக் குறுகி நிற்கும் வால்ட்டரின் தோளில் ஏறிய இன்னொரு சுமையாகவே வந்து சேர்ந்தது. முதற் கோணல் அங்கேயே விழுந்துவிட்டது.

பிறகு அவள் செய்ததெல்லாம் குற்றமாயிற்று. கணவன் இரவில் எங்கே போகிறான் என்று கேட்டாள்: நச்சரிப்பவள் என்றார்கள். உண்மை தெரிந்து வீட்டை விட்டு வெளியேறச் சொன்னாள்: நோயாளியிடம் இரக்கமற்றவள் என்றார்கள். போக மறுத்து வந்து உட்கார்ந்துகொண்ட கணவனை எதிர்க்க வழியின்றி, தன் எஜமானனோடு உறவுகொண்டு அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்: இதற்கு எழுந்த கோபத்தைப் போன்று, வால்ட்டர் செய்த எந்தக் கொலைக்கும் எழவில்லை. பின்னர் அவள் அவனுடைய பணத்தைக் கணக்கில் கொண்டுவர முன்வந்தபோதோ, வேஷதாரி என்றார்கள்.

நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், ஸ்கைலர் மாசற்றவள் அல்லள். கார் கழுவும் நிலையத்தை விலைக்கு வாங்கி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வேலையை அவளே திறம்பட நடத்துகிறாள். வரிப் பணத்தைச் செலுத்தச் செய்வதற்காகப் பழைய எஜமானனிடம் ஆட்களை அனுப்ப ஏற்பாடு செய்கிறாள்; அதில் அவன் தடுக்கி விழுந்து தலையில் பலத்த காயம்பட்டு முடமாகிறான். கதை முடியும் தறுவாயில், ஜெஸ்ஸியையும் தீர்த்துக்கட்டினால் என்ன என்று கணவனைத் தூண்டவும் செய்கிறாள். இந்தச் செயல்களைச் சுட்டி அவளைக் கண்டித்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. தீமையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களை அது எப்படித் தன் நிறமாக்கிக்கொள்கிறது என்பதை அவள் மூலமாகவே இந்தத் தொடர் காட்டியது. ஆனால் வெறுத்தவர்களில் பெரும்பாலோர் சுட்டியவை இந்தச் செயல்கள் அல்ல. அவள் குறுக்கே நின்றாள் என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. கதை நடக்க வேண்டும், சரக்குக் காய்ச்சும் வேலை நடக்க வேண்டும், துரத்தல் நடக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கையில், ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே குரல் அவளுடையது.

ஐந்தாம் பருவத்தில், வால்ட்டரின் 51ஆவது பிறந்தநாளை வைத்துப் பின்னிய அத்தியாயத்தை, அவளை வெறுக்கிற ஒவ்வொருவரும் மறுமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். விருந்து நடக்கிறது, வால்ட்டர் தம் நோய் தீர்ந்த கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஸ்கைலர் எழுந்து, உடுத்திய உடையோடு நீச்சல் குளத்தில் இறங்கி, நீருக்கடியில் போய் நின்றுவிடுகிறாள். பித்துப் பிடித்தவளின் செய்கை போலத் தோன்றினாலும், குழந்தைகளை அந்த வீட்டிலிருந்து தங்கையின் வீட்டுக்கு அனுப்புவதற்கு அவள் கண்டுபிடித்த உபாயம் அது. அன்றிரவு படுக்கையறையில் வால்ட்டர் அவளை மடக்குகிறார். போலீஸில் சொல்வாயா, ஓடிப்போவாயா, எதைச் செய்தாலும் உன்னால் வெல்ல முடியாது என்று, ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே அவளைச் சுவரோரம் ஒடுக்குகிறார். வழியெல்லாம் அடைபட்ட பின், தன்னால் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றே என்கிறாள் அவள். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்கிறார். புற்றுநோய் திரும்பி வருவதற்காக என்கிறாள். இதைச் சொல்லும்போது அன்னா கன்னின் குரலில் வஞ்சம் இல்லை. ஒடுங்கிப்போன ஒரு ஜீவன் தனக்கு எஞ்சிய ஒரே நம்பிக்கையைச் சொல்லும் நிதானம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் எம்மி விருது அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தும் அவளை நன்றி கெட்டவள் என்று அழைத்தவர்கள், கண்ணால் பார்த்தார்களே ஒழிய, அவள் நின்ற இடத்தில் ஒரு கணமும் நின்று பார்க்கவில்லை.

நேயர்களின் இந்த ஏச்சு கதாசிரியர்களின் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. 2013 செப்டம்பர் 15ஆம் தேதி ஒளிபரப்பான ‘ஓஸிமாண்டியஸ்’ என்ற அத்தியாயத்தில், எல்லாம் அழிந்த நிலையில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வால்ட்டர், ஸ்கைலருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். நான் சொன்னதைக் கேட்டாயா, என்றைக்காவது நன்றி காட்டினாயா, எப்போதும் குறைதானே சொன்னாய் என்று வாயில் வந்தபடி ஏசுகிறார். வீட்டில் போலீஸார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மனைவிக்கு எதிலும் பங்கில்லை என்று அவர்களை நம்பவைத்து அவளைத் தப்புவிப்பதற்காகவே அப்படிப் பேசுகிறார். பேசும் வாய் ஏச, கண்கள் அழுதுகொண்டிருக்கின்றன. அந்த ஏச்சு, நேயர்கள் ஸ்கைலர்மேல் ஐந்து வருஷமாக வீசிவந்த ஏச்சேதான் என்பதை நியூயார்க்கர் பத்திரிகையின் எமிலி நுஸ்பாம் போன்ற விமரிசகர்கள் உடனே கண்டுகொண்டார்கள். அரங்கின் எதிரே அமர்ந்திருப்பவர்களுடைய வசனத்தையே எடுத்து நடிகனின் வாயில் வைத்து, இது ஒரு நாடகம், இது பொய் என்று காட்டிய அந்தத் துணிவு அபூர்வமானது. வேதனை என்னவென்றால், அதன் உட்பொருளைக் கொள்ளாமல், ‘கடைசியில் அவளுக்கு நன்றாகக் கொடுத்தான்’ என்று கைதட்டியவர்களும் இருந்தார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இது முதல் அனுபவம் அன்று. 1971ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்னும் நகைச்சுவைத் தொடரில், இனவெறுப்புப் பேசும் ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரத்தை, அந்த வெறுப்பை எள்ளுவதற்காகவே நார்மன் லியர் படைத்தார். நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெறுப்பு மிகுந்த நேயர்கள் ஆர்ச்சியையே மெச்சினார்கள் என்று கண்டார்கள். படைத்தவன் நிறுத்திய தராசை, பார்க்கிறவன் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறான்.

ஆயினும் பழி முழுவதும் நேயர்களைச் சார்ந்ததா? இந்தக் கேள்விக்குக் கில்லிகன் சொன்ன விடையே காலப்போக்கில் மாறியது. 2013ஆம் ஆண்டில், ஸ்கைலரை வெறுப்பவர்கள் பெண்களை வெறுப்பவர்கள் என்று அவர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். 2022ஆம் ஆண்டில் நியூயார்க்கர் பத்திரிகைக்கு அளித்த பேட்டியிலோ, கதை முழுவதையும் வால்ட்டரின் கண் வழியாகவே சொன்னதால், அவர் இல்லாத காட்சிகளில்கூட அவர் பார்வையே ஆட்சி செய்ததால், ஆட்டமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்று ஒப்புக்கொண்டார். வால்ட்டரின் பரம சத்துருவான கஸ் என்னும் போதை வியாபாரிக்குக்கூடக் கிடைக்காத வெறுப்பு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததை எண்ணி, தாம் இன்னமும் யோசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஒன்பது வருஷங்களுக்குப் பிறகு தம் படைப்பின் அமைப்பிலேயே பிசகு உண்டா என்று தேடிய அந்த மனத்தை நான் மதிக்கிறேன். இரண்டு விடைகளில் இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருப்பதாகவும் கருதுகிறேன்.

இராவணனுக்குக் கம்பன் கொடுத்த பெருமைகள் கொஞ்சமல்ல. வீரம், வித்தை, இசை, சிவபக்தி என்று அள்ளிக் கொடுத்தான். படிக்கிறவர்கள் அவன் வீழ்ச்சிக்காக இரங்கவும் செய்கிறார்கள். ஆனால் அதே கவிஞன் அசோகவனத்தில் சீதையின் அருகிலும் நம்மை நெடுநேரம் இருத்தி, அவள் நெஞ்சில் ஓடும் நினைவுகளைக் கேட்கும்படி செய்துவிட்டான். ஆகையால் இராவணனுக்காக இரங்குகிற எவரும், அவனுக்கு இணங்கவில்லையே என்று சீதையை நோவதில்லை. ஆல்பகர்க்கியின் கதையில் ஸ்கைலருக்கு ஓர் அசோகவனம் வாய்க்கவில்லை. அவள் தனியே இருந்து சிந்திப்பதை நாம் காணும் காட்சிகள் சொற்பம். அவையும் பின்னால் வந்தவை. அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஏனைய பாத்திரங்களின் விஷயத்திலும் நேயர்களின் அபிப்பிராயம் இந்த வழியிலேயே சென்றது. ஹாங்க் முதலில் வெற்றுச் சவடால்காரனாக வந்தான். அவன் அஞ்சி நடுங்குவதையும், சுடப்பட்டுப் படுக்கையில் கிடப்பதையும் தனிமையில் காட்டத் தொடங்கிய பின், அவன் நேயர்களின் நேசத்துக்குரியவனானான். ஜெஸ்ஸியை முதற் பருவத்தின் முடிவிலேயே மாய்த்துவிட உத்தேசித்திருந்த கில்லிகன், ஆரன் பாலின் நடிப்பைக் கண்டு எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஜெஸ்ஸி, தனக்கு ஒரு தீங்கும் செய்யாத கேல் என்பவனை வாசற்படியில் வைத்துச் சுட்டவன். நேயர்கள் அவனை மன்னித்தார்கள். சுடும்போது அவன் அழுததை அவர்கள் பார்த்தார்களே.

வெறுப்பைப் போலவே பிரேமையும் திரையைக் கடந்து வெளியே வந்தது. கோபத்தில் வால்ட்டர் வீசிய பீட்ஸா கூரையில் போய் விழும் ஒரு காட்சியைக் கண்டவர்கள், ஆல்பகர்க்கியில் அந்தக் காட்சி படமாக்கப்பட்ட உண்மையான வீட்டின் கூரைமேல் பீட்ஸா வீசத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று 2015ஆம் ஆண்டில் கில்லிகனே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் வீட்டுக்காரர் வேலி போட்டுக்கொண்டார். அவ்வூர்ச் செய்தித்தாளில் வால்ட்டர் ஒயிட்டுக்கு ரசிகர்கள் மரண அறிவிப்பும் வெளியிட்டார்கள். 2022ஆம் ஆண்டில், வால்ட்டருக்கும் ஜெஸ்ஸிக்கும் அந்நகரில் வெண்கலச் சிலைகள் திறக்கப்பட்டன. போதை விற்றவர்களுக்குச் சிலையா என்று சிலர் ஆட்சேபித்தார்கள். ஸ்கைலருக்கு அங்கே சிலை இல்லை.

இதே கதைக்கூட்டத்தார், இதே நகரத்தைக் களமாக வைத்து, 2015 முதல் 2022 வரை ‘பெட்டர் கால் சால்’ என்னும் முற்கதைத் தொடரை உருவாக்கியபோது, கிம் வெக்ஸ்லர் என்ற பெண் வக்கீலைப் படைத்தார்கள். குற்றம் என்று பார்த்தால், கிம் ஸ்கைலருக்கு இளைத்தவள் அல்லள். தன் கணவனோடு சேர்ந்து, ஒரு சக வக்கீலின் நற்பெயரை வேரோடு சாய்க்கும் சதியை வகுத்தவள். அந்தச் சதியின் தொடர்ச்சியாக அவர் உயிரும் போகிறது. நேயர்கள் அவளை வெறுக்கவில்லை. அவளுக்கு என்ன ஆகுமோ என்று வருஷக்கணக்கில் அஞ்சினார்கள். ரே சீஹார்னின் நடிப்பு அதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் இன்னொரு காரணம் தொடரின் அமைப்பில் இருக்கிறது. அலுவலகத்தில் நள்ளிரவில் தனியே கோப்புகளைப் புரட்டும் கிம், களைப்பில் காரை மோதிக்கொள்ளும் கிம், கடைசியில் தன் குற்றத்தை எழுதிக் கையெழுத்திட்டு அந்த வக்கீலின் விதவையின் முன் வைத்துவிட்டுப் பேருந்தில் குமுறிக் குமுறி அழும் கிம் என்று, அவளுடைய மணிநேரங்களில் எத்தனையோ அவளுக்கே சொந்தமாக நமக்குக் காட்டப்பட்டன.

2025 பிப்ரவரியில், அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றுக்கொண்டு பேசிய கில்லிகன், கொடியவர்களைக் கவர்ச்சியாகப் படைத்துப் படைத்து, எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களை ஆதரிசமாக்கிவிட்டோம், இனி நல்லவர்களை எழுதுவோம் என்று தம் சகாக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் குறை கொடியவனை எழுதியதில் இருந்ததாக நான் எண்ணவில்லை. அவனை எதிர்த்தவளுக்குச் சரிபாதி வெளிச்சம் கொடுக்காததில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த அவருடைய புதிய தொடர் ‘புளூரிபஸ்’ இதற்கு விடையாக எழுதப்பட்டதா என்று நான் அறியேன். ஆனால் அதில், உலகத்து ஜனங்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மனமாய் இணைந்து இன்புற்றிருக்க, ‘எனக்கு வேண்டாம்’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுப்பவள் ஒரு பெண். அவளாக நடிப்பவர் ரே சீஹார்ன். மறுப்பவளின் அருகிலேயே இந்த முறை காமிரா முதலிலிருந்து நிற்கிறது.